பிரித்துக் கட்டும் தொலைநோக்கிக்கு ஆடாத தடி மூட்டுகள்: முழுமையான வழிகாட்டி

எட்டு அங்குல ஆடி வைத்த தொலைநோக்கியை முழுக்குழாயாகச் செய்தால் அது நாலடிக்குக் குறையாது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வழியாக மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பி ஒரு இருட்டான வெட்டைக்கு அதைக் கொண்டுபோவதென்றால் வான் பிடிக்க வேண்டும். அதே ஆடியைச் சதுரப் பெட்டிக்குள் இருத்தி, இரண்டாம் ஆடியையும் குவிப்பானையும் (பார்வைத்துண்டைப் பிடித்துக் குவியம் சரிசெய்யும் பகுதி) சின்னக் கூடொன்றில் பொருத்தி, இரண்டையும் எட்டு அலுமினியத் தடிகளால் இணைத்தால் எல்லாம் ஓட்டோவின் பின் சீட்டில் அடங்கிவிடும். தடிகளை ஒரு உரப்பையில் சுற்றிப் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம்.

தடிகளை வெட்டுவது அரைநாள் வேலை. மூட்டுகள்தான் நேரத்தைத் தின்னும். எட்டுத் தடிக்குப் பதினாறு முனை. ஒவ்வொன்றும் கையால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்டியபின் அசையக் கூடாது. அடுத்த முறை பூட்டும்போது பழைய இடத்திலேயே வந்து உட்கார வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு தடி அரை மில்லிமீற்றர் நீளமாகிவிட்டதா, பரவாயில்லை, ஆடியின் திருகுகளால் திருத்தலாம். ஒவ்வொரு இரவும் வேறு வேறு அளவாகப் பிசகுகிற மூட்டைத்தான் திருத்த வழியில்லை.

தடி என்ன செய்கிறது: கொஞ்சம் கணக்கு

எட்டுத் தடிகளும் நாலு முக்கோணங்களாக நிற்கின்றன. கீழே பெட்டியின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு தடிகள் அகன்று நிற்கும். மேலே கூட்டில் அவை ஒரு புள்ளியில் சேரும். இந்த அமைப்புக்கு முன்மாதிரி, 1935 இல் மார்க் செரூரியர் என்ற பொறியியலாளர் பலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கிக்கு வரைந்த சட்டம். அவருடையதில் பிரதான ஆடியின் பக்கமும் இப்படி ஒரு முக்கோணத் தொகுதி உண்டு. நாங்கள் மேல்பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

முக்கோணம் எதற்கு? எங்கள் எட்டு அங்குல உதாரணத்தில் ஆடியின் குவிய விகிதம் (குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தது) 6, தடியின் நீளம் 800 மி.மீ., வெளிவிட்டம் 20 மி.மீ., சுவர்த் தடிப்பு 1.2 மி.மீ., மேற்கூடு ஒன்றரைக் கிலோ என்று வையுங்கள். எட்டுத் தடிகளையும் சமாந்தரமாக நட்டு, முனைகளை அசைக்கவே முடியாதபடி இறுக்கினாலும், தொலைநோக்கி கிடையாக இருக்கும்போது கூடு ஏறக்குறைய 0.37 மி.மீ. தாழும். அதே தடிகளை 240 மி.மீ. அடியுள்ள முக்கோணங்களாக வைத்தால் தாழ்வு 0.03 மி.மீ. அளவுதான். சமாந்தரத் தடி வளைந்து சுமை தாங்குகிறது. முக்கோணத்தில் உள்ள தடி நீளவாக்கில் இழுபட்டும் நெருக்குண்டும் தாங்குகிறது. அலுமினியக் குழாயை வளைப்பது சுலபம், நீட்டுவது மிகக் கடினம்.

பலத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். கிடையாக நிற்கும்போது பக்கவாட்டு முக்கோணங்களின் தடி ஒவ்வொன்றிலும் வரும் விசை ஏறக்குறைய 25 நியூற்றன், அதாவது இரண்டரைக் கிலோச் சுமை. அந்தத் தடி நெருக்கலில் மடிந்துபோக 3000 நியூற்றனுக்கு மேல் வேண்டும். ஆகவே தடித்த குழாய், பெரிய போல்ட் என்று போய்ப் பாரத்தைக் கூட்டிப் பயனில்லை.

முக்கோணம் இழுவையை நன்றாகத் தாங்கும், மூட்டின் தளர்வை மட்டும் மன்னிக்காது. நாங்கள் எடுத்த அளவுகளில் தடியின் சாய்வு 8.6 பாகை. தடி நீளவாக்கில் எவ்வளவு அசைந்தாலும் கூடு பக்கவாட்டில் அதைப்போல் ஆறரை மடங்குக்கு மேல் அசையும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.3 மி.மீ. துளை போட்டால் கையில் அது நல்ல பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் இரண்டு முனையும் அப்படியென்றால் தடி முன்னும் பின்னும் 0.3 மி.மீ. நகரலாம், கூடு ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. போகும். குவிய விகிதம் 6 உள்ள ஆடியில் கோமாவால் (நட்சத்திரத்துக்கு வால் முளைத்ததுபோல் காட்டும் பிழை) கெடாத நடுப்பகுதியின் விட்டம் ஏறக்குறைய 4.7 மி.மீ., அதாவது மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீற்றருக்கும் குறைவு. விகிதம் 5 என்றால் விட்டம் 2.7 ஆகச் சுருங்கும், 4 என்றால் 1.4 தான். ஒரு சின்னத் துளைத் தளர்வு முழு நேர்ப்படுத்தலையும், அதாவது ஆடிகளை ஒரே அச்சில் நிறுத்தும் வேலையையும், விழுங்கிவிடுவது இப்படித்தான்.

இந்தத் தளர்வு எப்போது வெளியே தெரியும் என்பதும் முக்கியம். உச்சிக்கு நேரே பார்க்கும்போது எட்டுத் தடிகளும் நெருக்கலில் இருக்கும். கிட்டத்தட்ட 85 பாகைக்குக் கீழே இறக்கியதும் பக்கவாட்டு முக்கோணங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு தடி இழுவைக்கு மாறும். மாறுகிற அந்தக் கணத்தில் தளர்ந்த மூட்டு மறுபக்கம் தாவும். மற்ற இரண்டு முக்கோணங்களுக்கோ ஈர்ப்பால் பெரிய சுமை வராது. அவை பக்கவாட்டுத் தள்ளலைத்தான் தாங்குகின்றன. அதனால்தான் சில தொலைநோக்கிகள் மேலும் கீழும் ஆட்டும்போது கல்லுமாதிரி நிற்கும், இடம் வலமாக விரலால் தள்ளினால் குழையும்.

எனவே மூட்டு வடிவமைப்பில் நான் பிடிக்கும் வழி ஒன்றுதான்: பொருத்தமான துளையை நம்பாதீர்கள். முகத்தோடு முகம் அழுத்துவது, கூம்பு கூம்புக்குள் இறங்குவது, பிளவுபட்ட கட்டை சுற்றி நெரிப்பது என்று எந்த மூட்டும் இறுக்கும்போது தளர்வைத் தானே தின்றுவிடுவதாக இருக்கட்டும்.

படி 1: சாமான் சேர்த்தல்

கதவு, யன்னல் செய்யும் அலுமினியக் கடைகளில் வட்டக் குழாய் கேளுங்கள். வெளிவிட்டம் 19 அல்லது 20 மி.மீ., சுவர் 1.2 மி.மீ. எட்டு அங்குலத்துக்குப் போதும். பத்து, பன்னிரண்டு அங்குல ஆடிக்கு 25 மி.மீ. எடுங்கள். திரைச்சீலைத் தடியை விலைக்காக வாங்காதீர்கள், அதன் சுவர் நெரிப்பைத் தாங்காது. பழைய ரிவி அன்ரெனாவின் நடுத்தடி நேராக இருந்தால் தாராளமாகப் பயன்படும். பிவிசி வேண்டவே வேண்டாம்.

கட்டைகளுக்கு முதிரை அல்லது தேக்கு. தளபாடப் பட்டறைகளில் வெட்டி மிச்சமான துண்டுகள் கிடக்கும், கேட்டால் தருவார்கள். வன்னியில் முதிரைக்குக் குறைவில்லை. ஆனால் மரம் ஏற்றி இறக்க அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பதால் தறித்த மரத்தைத் தேடாமல் பட்டறைத் துண்டோடு நிற்பது நல்லது. முதிரை சரியான கடினம். துளை போடும்போது ட்ரில்லை மெதுவாக ஓட்டி, அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். அவசரப்பட்டால் துளை கருகி, அலகின் கூரும் போய்விடும்.

போல்ட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கடைகளில் கால் இஞ்சி போல்ட்டும் எம் 6 போல்ட்டும் பக்கத்துப் பெட்டியில் கிடக்கும். கால் இஞ்சி 6.35 மி.மீ., எம் 6 என்பது 6. திருகு இடைவெளியும் வேறு. இரண்டு சுற்று ஏறுகிறதே என்று மாற்றிப் பூட்டினால் புரி கழன்றுவிடும். எல்லாம் எம் 6 என்று முடிவெடுத்து, கையில் ஒரு நட்டோடு கடைக்குப் போங்கள். முடிந்தால் ஸ்ரெயின்லெஸ். முல்லைத்தீவுக் கரையோரம் இருப்பவர்களுக்கு ஸ்ரெயின்லெஸ் கட்டாயம். அதிலும் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் கிறீஸ் தடவ வேண்டும். உப்புக்காற்றில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும்.

படி 2: தடிகளை வெட்டி முனை அடைத்தல்

முதலில் எட்டையும் கணக்கிட்ட நீளத்தைவிட 30 மி.மீ. கூட்டி வெட்டுங்கள். மரச்சட்டங்களால் கூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, நிலாவைப் பார்த்து, உங்களிடம் உள்ள எல்லாப் பார்வைத்துண்டுகளுக்கும் குவியம் கிடைக்கும் உயரத்தை அளந்தபின் கடைசி வெட்டு. மேசையில் ஒரு தடுப்புக் கட்டையை ஆணியடித்து, ஒவ்வொரு தடியையும் அதில் முட்டவைத்து வெட்டினால் எட்டும் ஒரே நீளம். குழாய்வேலை செய்பவர்களின் சுற்றிவெட்டும் கத்தி கிடைத்தால் முனை செங்குத்தாக வரும். ஹக்சோவால் வெட்டினால் அரத்தால் நேராக்குங்கள்.

ஒவ்வொரு முனைக்குள்ளும் 60 மி.மீ. நீளத்துக்கு மரமுளை ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கட்டை நெரிக்கும்போது குழாய் முட்டைவடிவமாகும். இன்னொரு பயனும் உண்டு: திறந்த குழாயை இரண்டு வாரம் விறாந்தையில் விட்டால் குளவி மண்ணால் அடைத்துவிடும்.

ஒட்டுவதற்கு இரண்டு பகுதி எப்பொக்சி. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஒட்சைட்டுப் படலம் வந்துவிடும் என்பதால் உள்பக்கத்தைத் தின்னரால் துடைத்து, எப்பொக்சியைப் பூசி, அந்த ஈரத்தோடேயே சாண்ட் பேப்பரால் தேய்த்து, பிறகு முளையை இறக்குங்கள். ஒருநாள் அசைக்காமல் விடுங்கள். பிறகு குறுக்கே ஒரு ரிவிற். சாதாரண எப்பொக்சி 50, 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். கறுப்புப் பூசிய தடியைச் சித்திரை வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டால் அந்தச் சூடு வரும். ரிவிற் இருந்தால் பசை இளகினாலும் முளை நகராது.

படி 3: கீழ் மூட்டு, பிளந்த கட்டை

மொத்த வேலையில் பாதி இதுதான். எட்டுக் கட்டைகள், ஒவ்வொன்றும் 40 க்கு 40, உயரம் 80 மி.மீ.

தடியின் விட்டத்துக்கே மேலிருந்து 65 மி.மீ. ஆழத் துளை போடுங்கள். ஆழம் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். துளை கட்டையின் முகங்களுக்குச் சமாந்தரமாக வர வேண்டும் என்பதால் நிலைத்த ட்ரில் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோவது நல்லது. கைட்ரில்லால் எட்டையும் நேராகப் போடுபவர் அரிது. துளை இறுக்கமாக இருந்தால் ஒரு துண்டுத் தடியில் சாண்ட் பேப்பரைச் சுற்றி உள்ளே சுழற்றுங்கள். தடி தன் பாரத்தில் மெதுவாக இறங்கும் அளவே சரி. அதைவிட இறுக்கமாக விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதும், தடி உள்ளே சிக்கிக்கொள்ளும்.

துளையின் அடியில் ஒரு தடித்த வாஷரை எப்பொக்சியால் ஒட்டுங்கள். தடி அதில் முட்டி நிற்பதால் ஒவ்வொரு முறையும் உயரம் ஒன்றாகவே இருக்கும். நெருக்கல் விசையை இந்த முட்டு தாங்கும். நெரிப்பு தாங்க வேண்டியது இழுவையை மட்டும்.

துளை போட்டு முடிந்த பிறகுதான் பிளவு. முதலில் பிளந்தால் ட்ரில் அலகு பிளவின் பக்கம் இழுபட்டு ஓடும். ஒரு முகத்திலிருந்து துளைவரை, மேலிருந்து கீழாகக் கட்டையின் முழு உயரத்துக்கும் 2 மி.மீ. அகல வெட்டு. வெட்டுக்குக் குறுக்கே, மேல்முகத்திலிருந்து 25 மி.மீ. கீழே, துளையின் ஓரத்தைத் தாண்டி ஒரு எம் 6 போல்ட். தலைக்குக் கீழே சதுரக் கழுத்துள்ள போல்ட் என்றால் மரத்தில் கடித்துக்கொள்ளும், சுழலாது. மறுபக்கம் கைப்பிடி நட்டு. புரியின் கடைசிச் சுற்றை ஒரு பொட்டு அடித்து நசுக்கிவிடுங்கள். நட்டு கழன்று விழாது. இரவில் புல்லுக்குள் விழுந்த எம் 6 நட்டைத் தேடிக்கொண்டு, நுளம்புக்கடியில், சிவப்பு வெளிச்சத்தோடு தவழ்வது வேண்டாத வேலை.

இனிக் கோணம். 8.6 பாகையில் கட்டையைச் சாய்த்து ஒட்ட முயன்றால் எட்டில் குறைந்தது இரண்டு பிசகும். கணக்குப் போடாமல், அமைப்பே கோணத்தைச் சொல்லட்டும். ஒவ்வொரு கட்டையையும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒரே ஒரு போல்ட்டால், திரும்பக்கூடியதாகத் தளர்வாகப் பூட்டுங்கள். மேற்கூட்டைச் சரியான உயரத்தில், பெட்டியின் நடுவுக்கு நேராகத் தற்காலிகச் சட்டங்களில் நிறுத்துங்கள். தூக்குக்குண்டு கட்டி நடுவைப் பாருங்கள். படி 4 இன் மேல் மூட்டுகளைச் செய்து வைத்துக்கொண்டு, எட்டுத் தடிகளையும் கட்டைக்குள் இறக்கி மேலேயும் பூட்டுங்கள். கட்டைகள் தாமாகத் திரும்பித் தங்கள் கோணத்தில் நிற்கும். கூடு பெட்டியைவிடச் சற்று ஒடுக்கம் என்பதால் ஒரு பாகை அளவில் உட்சாய்வும் வரும். அந்த இடைவெளியில் மெல்லிய மரச்சீவலை வையுங்கள். இப்போது போல்ட்டுகளை இறுக்கி, கட்டையின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை பூசித் திரும்ப அதே கோட்டில் வைத்து, இரண்டாவது போல்ட்டையும் போட்டுவிடுங்கள். இரண்டு போல்ட்டும் பசையும் கட்டையின் ஒரு பாதியில்தான் வர வேண்டும். பிளவின் மறுபாதி அசைய இடம் இல்லாவிட்டால் நெரிப்பு வேலை செய்யாது.

கடைசியாக வார்னிஷ். வெளியே மட்டும் பூசினால் போதாது. துளையின் உள்ளும் பிளவின் முகங்களிலும் மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். காய்ந்ததும் துளையைத் திரும்பத் தேய்த்து அளவு பாருங்கள்.

படி 4: மேல் மூட்டு, கூம்பு

மேலே இரண்டு தடிகள் ஒரு புள்ளியில் சேர வேண்டும். சேராமல் தள்ளி நின்றால் அந்த இடைவெளி வளைவாக மாறித் தடிக்குள் இறங்கும். குழாயின் முனையைச் சப்பையாக அடித்துத் துளை போடுவது பழைய வழி. இரும்புக் குழாயில் அது சரி, யன்னல் அலுமினியம் மடிப்பில் வெடிக்கும்.

மரமுளையின் மேல்முனையில் நெடுக ஒரு வெட்டுப் போட்டு, 5 மி.மீ. தடிப்புள்ள அலுமினியப் பட்டைத் துண்டைச் செருகி, எப்பொக்சியும் ரிவிற்றும் போடுங்கள். பட்டை வெளியே 25 மி.மீ. நீண்டால் போதும். இரண்டு தடிகளின் பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து, ஒரே எம் 6 போல்ட்டால் ஒரு சின்ன ஆங்கிள் துண்டில் பூட்டப்படும். இந்தப் போல்ட்டுக்கு நைலோன் நட்டு. திருகினால் கனமாகத் திரும்பும் அளவுக்கு இறுக்கி, அதன்பின் கழற்றவே வேண்டாம். தடிச் சோடி கவராயம்போல் மடிந்து ஒன்றாகிவிடும். எட்டுத் தனித் தடிகளுக்குப் பதில் நாலு சோடிகள். இருட்டில் இதுவே பெரிய நிம்மதி.

கழற்றிப் பூட்டும் இடம் ஆங்கிள் துண்டுக்கும் கூட்டுக்கும் நடுவில் வருகிறது. இங்கேதான் கூம்பு. வாகனச் சில்லு நட்டின் உள்முகத்தைப் பார்த்திருப்பீர்கள், கூம்பாகச் சரிந்திருக்கும். இறுக்க இறுக்கச் சில்லைத் தானே நடுவுக்குக் கொண்டுவருவது அந்தச் சரிவுதான். தலை கூம்பாக உள்ள எம் 6 போல்ட்டை எடுங்கள். ஆங்கிளின் துளையை அதே 90 பாகைக் கூம்பாக அகலமாக்குங்கள். தலையின் உயரம் 3 மி.மீ. அளவில் இருப்பதால் ஆங்கிளின் தடிப்பும் 5 மி.மீ. வேண்டும், மெல்லியதில் கூம்பு முழுதாக உட்காராது. கூட்டின் பலகைக்குள் எம் 6 டீ நட் (மரத்தில் கடித்து நிற்கும் பல்லுள்ள நட்டு) ஒன்றை உள்பக்கமிருந்து அடித்து இறக்குங்கள். போல்ட்டின் தலைமேல் மரக் கைப்பிடியொன்றை எப்பொக்சியால் ஒட்டினால் கையாலேயே திருகலாம். கூம்பு முகத்தில் பசை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துளை கொஞ்சம் பெரிதாகிப் போனாலும் கூம்பு நடுவுக்கு இழுத்துவிடும்.

ஆங்கிளின் பின்முகம் கூட்டில் முழுதாகப் படிய வேண்டும். கூடு வட்டமாக இருந்தால் அந்த நாலு இடத்திலும் சிறு தட்டையான பலகைத் துண்டு ஒட்டுங்கள். ஸ்ரெயின்லெஸ் போல்ட் ஸ்ரெயின்லெஸ் நட்டுக்குள் கடித்து இறுகிப்போகும் குணமுடையது. துளி மெழுகு அல்லது கிறீஸ் அதைத் தடுக்கும்.

படி 5: நீளத் தடிக்கு நடு மூட்டு

தடி ஒரு மீற்றருக்குள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். பத்து அங்குலத்துக்கு மேலே போகிறவர்களுக்கும், முதுகுப் பையில் தடிகளைக் கொண்டுபோக நினைப்பவர்களுக்கும் நடுவில் பிரிக்கும் மூட்டு வேண்டும். கூடாரத் தடியைப்போல் ஒன்றுக்குள் ஒன்று செருகும் குழாய் மூட்டைப் பலர் முயல்கிறார்கள். செருகுவதற்குத் தளர்வு வேண்டும், அந்தத் தளர்வே பகை. சுற்றி நெரிக்க ஒரு வளையம் போட்டாலும் நீளம் ஒவ்வொரு முறையும் மாறும்.

நான் பரிந்துரைப்பது திருகு மூட்டு. இதற்கு லேத் வேண்டும். உழவு மெசின் பாகங்கள் கடைகிற பட்டறை கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உண்டு, அவர்களுக்கு இது பத்து நிமிட வேலை. ஒவ்வொரு தடிக்கும் இரண்டு அலுமினிய முளைகள்: ஒன்றில் எம் 10 புரித்தண்டு, மற்றதில் அதற்கான புரித்துளை. தண்டின் அடியில் 12 மி.மீ. விட்டமும் 15 மி.மீ. நீளமுமான, புரியில்லாத வழுவழுப்பான பகுதி வர வேண்டும். மறுமுளையின் வாயில் அது அளவாக நுழையும் குழி. வளைவை அந்த வழுவழுப்புப் பகுதி தாங்கும், புரி இழுத்துப் பிடிக்க மட்டும். இரண்டு முளைகளுக்கும் குழாயின் வெளிவிட்டம் அளவுக்குத் தோள் இருக்க வேண்டும். கையால் முறுக்கும்போது தோளோடு தோள் முட்டி இறுகும். நீளம் அங்கேயே நிற்கும்.

பட்டறையில் சொல்ல வேண்டியது ஒரே வசனம்: "அண்ணை, இந்த இரண்டு முகமும் தண்டுக்குச் சரியாச் செங்குத்தா வரவேணும், ஒரே பிடியில கடைஞ்சு தாங்கோ." ஒரே பிடி என்றால் துண்டை லேத்தில் ஒருமுறை பூட்டியபின் கழற்றித் திருப்பாமல் முகத்தையும் வழுவழுப்பையும் புரியையும் முடிப்பது. திருப்பிப் பூட்டினால் அச்சு சற்று விலகும், தடி வாழைக்காய்போல் வளைந்து நிற்கும்.

மூட்டை நட்டநடுவில் வைக்காமல் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். நெருக்கலில் தடி அதிகம் வளையப் பார்ப்பது நடுவில்தான். மேல்முனையின் பட்டையை, நடு மூட்டை முழுக்க முறுக்கி இறுக்கிய பிறகே ஒட்ட வேண்டும் என்பதையும் கவனியுங்கள். புரி எந்தத் திசையில் வந்து நிற்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. கீழ்முனை வட்டத் துளைக்குள் போவதால் அதற்குத் திசை இல்லை. தண்டுக்கும் துளைக்கும் ஒரே இலக்கம் பொறித்து, சோடி மாறாமல் வைத்திருங்கள்.

லேத் கிடைக்காதவர்கள் எம் 10 நீள நட்டை முதிரை முளைக்குள் எப்பொக்சியால் பதித்து, மறுபக்கம் புரிக்கம்பி பதிக்கலாம். குழாயின் வெட்டுமுகங்களே முட்டும் முகங்கள் என்பதால் சுற்றிவெட்டும் கத்தியால் வெட்டிய குழாயாக இருக்க வேண்டும். பசை காயும்வரை இரண்டு பாதியையும் முறுக்கிப் பூட்டி, நேரான ஆங்கிள் இரும்பின் உட்குழிவில் கிடத்திக் கட்டிவையுங்கள். வெட்டுமுகத்தில் மெழுகு தடவ மறந்தால் இரண்டும் நிரந்தரமாக ஒட்டிவிடும்.

படி 6: சோதித்தல்

பகலில், வீட்டு முற்றத்திலேயே தொடங்கலாம். பிரதான ஆடியின் நடுவில் குறி இருக்கட்டும். குவிப்பானில் லேசரைப் பூட்டி, புள்ளியை நடுக்குறிக்குக் கொண்டுவாருங்கள். லேசர் இல்லாவிட்டால் நடுவில் துளையிட்ட மூடி வழியாகப் பார்த்தும் செய்யலாம். மெதுவாக உச்சியிலிருந்து 30 பாகைவரை இறக்குங்கள். விகிதம் 6 உள்ள ஆடிக்குப் புள்ளி ஒரு மில்லிமீற்றருக்குள் நகர்ந்தால் நல்ல வேலை. திடீரென்று ஒரு தாவல் தெரிந்தால் எங்கோ ஒரு மூட்டு தளர்வு.

அடுத்து விரலால் கூட்டை இடம் வலமாக மெல்லத் தள்ளி விடுங்கள். தள்ளும்போது புள்ளி நகர்வது இயல்பு. விட்டதும் பழைய இடத்துக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. வராவிட்டால் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு இன்னொருவரைத் தள்ளச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரல்நுனிக்குத் தெரியும். பிறகு எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டி, புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். நடுக்குறியிலிருந்து சில மில்லிமீற்றருக்குள் விழுந்தால் களத்தில் ஒரு திருகைக் கால் சுற்றுச் சுற்றினாலே போதும்.

வானத்தில் சோதிக்க மாசி மாதம் எங்களுக்கு வாய்ப்பானது. கிளிநொச்சி 9.4 பாகை வடக்கில் இருப்பதால் திருவாதிரை நட்சத்திரம் உச்சிக்கு இரண்டு பாகை அருகில் கடக்கும். மாசித் தொடக்கத்தில் இரவு எட்டரை மணியளவில் அது நேர் மேலே. அரைமணித்தியாலம் கழித்து அகத்தியர் நட்சத்திரம் தெற்கே 28 பாகை உயரத்தில் நிற்கும். மேலே திருவாதிரையில் குவியத்தை விலக்கி, அப்போது தெரியும் வட்டங்கள் ஒரே மையத்தில் வரும்படி திருத்துங்கள். ஒன்றையும் தொடாமல் அகத்தியருக்கு இறக்கி அதே வட்டங்களைப் பாருங்கள். அகத்தியரின் வட்டங்கள் காற்றால் நடுங்கும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். மையம் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். தடிகள் நெருக்கலிலிருந்து இழுவைக்கு மாறும் எல்லையை இந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவில் தாண்டிவிடுகிறீர்கள். புரட்டாதியில் செய்பவர்களுக்கு உச்சியில் திருவோணம் இருக்கிறது.

குழாயைச் சுண்டிப் பாருங்கள். அதிர்வு ஓரிரு விநாடியில் அடங்க வேண்டும். நீண்டுகொண்டே போனால் முதலில் மூட்டைச் சந்தேகியுங்கள், அடுத்து அடித்தாங்கியை, தடியைக் கடைசியில்.

இரவு குளிர்வதால் தடி சுருங்குவதைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பகல் வெக்கை இறங்கிப் பத்துப் பாகை குறைந்தால் 800 மி.மீ. அலுமினியம் 0.18 மி.மீ. சுருங்கும். எட்டும் ஒன்றாகச் சுருங்குவதால் குவியம் மட்டும் சற்று மாறும், நேர்ப்படுத்தல் மாறாது. ஒரு தடியை மட்டும் வேறு உலோகத்தில் மாற்றிவிடாதீர்கள்.

படி 7: இருட்டில் பூட்டுதல்

தடிச் சோடிகளுக்கு நிறமடித்துப் பயனில்லை, சிவப்பு வெளிச்சத்தில் எல்லா நிறமும் ஒன்றுதான். அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு வெட்டுகள் போடுங்கள், விரல் தடவினால் தெரியும். பெட்டியின் பக்கங்களிலும் அதே வெட்டுகள்.

வரிசை இப்படி: நாலு சோடிகளையும் கட்டைக்குள் முட்டும்வரை இறக்குங்கள், இறுக்க வேண்டாம். கூட்டை மேலே ஏந்தி நாலு கூம்புப் போல்ட்டையும் பாதி திருகுங்கள். பிறகு எதிரெதிராக முழுக்க இறுக்கி, கடைசியாகக் கீழ்க் கட்டைகளை இறுக்குங்கள். கீழே முதலில் இறுக்கிவிட்டால் மேலே துளைகள் ஒத்துவராமல் தடியை வளைக்க நேரும். கழற்றும்போது நேர்மாறு. கூட்டை ஒருவர் பிடித்திருக்கட்டும். ஆடி மூடியிருக்கட்டும்.

வைகாசிக்குப் பிறகு சோளகக் காற்று எழும்பினால் தடிகளைச் சுற்றிப் போடும் கறுப்புத் துணி பாய்மரம்தான். காற்று வேகமான இரவில் துணியைக் கழற்றிவிட்டு, கூட்டின் எதிர்ப்பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்பு அட்டையோடு சமாளியுங்கள். இடத்தைப் பற்றியும் ஒரு சொல்: இருட்டு நல்லது என்று பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத துண்டுகள் வன்னியில் இன்னும் உண்டு, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கங்களில் யானையும் உண்டு. ஆட்கள் தினமும் நடமாடும் குளக்கட்டோரமோ, தெரிந்தவரின் வயலோ போதும்.

பராமரிப்பு

செம்மண் தூசிதான் கூம்புக்கும் தோள்முகத்துக்கும் எதிரி. ஒரு மணல்பருக்கை நடுவில் நின்றால் முகம் படியாது. பூட்டுமுன் பழைய பல் தூரிகையால் ஒரு தட்டு. மாதம் ஒருமுறை புரிகளில் மெழுகு. மாரி மழை முடிந்ததும் எட்டுக் கட்டைகளிலும் தடியை இறக்கிப் பார்த்து, இறுகியதைத் தேய்த்து, தேய்த்த இடத்தில் வார்னிஷ் பூசுங்கள். பிளவு முழுக்க மூடிக்கொண்டு, அதற்குமேல் நெரிக்க இடமில்லாமல் நின்றால் கட்டையை மாற்ற வேண்டாம். வெட்டுக்குள் ஹக்சோ பிளேட்டை ஒருமுறை ஓட்டுங்கள், இன்னும் சில வருடம் பிடிக்கும்.